சாதன அடையாள எண்ணும் நினைவக முகவரி மாற்றமும்: கெர்னல் பஸ் டிரைவருக்கான வழிகாட்டி

அடையாள எண் எதற்கு

பிணைய அட்டை, வட்டுக் கட்டுப்படுத்தி, ஜிபியூ போன்ற சாதனங்கள் செயலியின் உதவியில்லாமல் நினைவகத்தை நேராகப் படிக்கவும் எழுதவும் செய்கின்றன. இதுவே டிஎம்ஏ. இதற்குக் கட்டுப்பாடு எதுவும் இல்லையென்றால், டிரைவரில் உள்ள ஒரு சிறு பிழையோ தீங்கான ஒரு சாதனமோ கெர்னலின் நினைவகத்தையே அழித்துவிடும். அதைத் தடுக்கச் சாதனத்துக்கும் நினைவகத்துக்கும் நடுவே ஐஓஎம்எம்யூ என்னும் முகவரி மாற்றி நிற்கிறது. சாதனம் அனுப்பும் முகவரியை இது பக்க அட்டவணையில் தேடி, உண்மையான நினைவக முகவரியாக மாற்றித் தருகிறது. அட்டவணையில் இல்லாத முகவரி வந்தால் அந்தக் கோரிக்கையை நிறுத்திவிடுகிறது.

செயலியிலுள்ள எம்எம்யூவுக்கு எந்த நேரத்திலும் எந்தப் பக்க அட்டவணை நடப்பில் உள்ளது என்பது ஒரு பதிவேட்டிலிருந்து தெரிந்துவிடும். ஐஓஎம்எம்யூவின் நிலை வேறு. பல சாதனங்களின் கோரிக்கைகள் ஒரே வழியாக ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்க அட்டவணை இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு கோரிக்கையோடும் முகவரியைத் தவிர அனுப்பியவரின் எண்ணும் சேர்ந்து வரவேண்டும். பிசிஐ உலகில் அதன் பெயர் ரிக்வெஸ்டர் ஐடி. ஆர்ம் நிறுவனத்தின் எஸ்எம்எம்யூவில் ஸ்ட்ரீம் ஐடி. என்எக்ஸ்பி நிறுவனத்தின் டிபிஏஏ2 சில்லுகளில் ஐசிஐடி. பெயர்கள் பலவானாலும் வேலை ஒன்றுதான்: எந்தப் பக்க அட்டவணையைத் திறப்பது என்று சொல்வது.

பஸ் டிரைவர் இந்த எண்ணை உருவாக்குவதில்லை. வன்பொருளோ பூட்லோடரோ முன்பே முடிவுசெய்துவிட்ட எண்ணை, சரியான சாதனத்தின் பெயரில், சரியான முகவரி மாற்றியிடம் ஒப்படைப்பதே அதன் வேலை. நடைமுறையில் எழும் சிக்கல்கள் பெரும்பாலும் மூன்று கேள்விகளுக்குள் அடங்கிவிடும்: இது யாருடைய எண், எந்த அட்டவணையில் தேடுவது, எண்களின் வரிசை எங்கே முடிகிறது.

எண்ணைத் தானே சொல்லும் பஸ்

எளிய நிலையிலிருந்து, ஒரு மீக்கணினியின் சர்வரை எடுத்துக்காட்டாகக் கொண்டு, தொடங்கலாம். கொல்கத்தா சால்ட் லேக்கிலுள்ள எஸ்.என். போஸ் தேசிய அடிப்படை அறிவியல் மையத்துக்கான பரம் ருத்ரா மீக்கணினி 2024 செப்டம்பர் 26 அன்று, புணே, டெல்லி நகரங்களின் ருத்ரா கணினிகளோடு சேர்த்து நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இக்கணினிகளில் உள்ள, சி-டாக் வடிவமைத்த சர்வர்களில் இருப்பவை இன்டெல் செயலிகள். இத்தகைய சர்வரில் பிணைய அட்டையும் முடுக்கி அட்டையும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியே இணைகின்றன. பிசிஐ எக்ஸ்பிரஸில் ஒவ்வொரு கோரிக்கையின் தலைப்பிலும் 16 பிட் ரிக்வெஸ்டர் ஐடி இருக்கிறது. அதில் மேல் 8 பிட் பஸ் எண், அடுத்த 5 பிட் சாதன எண், கடைசி 3 பிட் செயல்பாட்டு எண்.

இன்டெலின் விடி-டி முகவரி மாற்றி இந்த எண்ணை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறது. பஸ் எண்ணைக் கொண்டு 256 பதிவுகள் உள்ள வேர் அட்டவணையில் ஒரு பதிவை எடுக்கிறது. அந்தப் பதிவு காட்டும் சூழல் அட்டவணையில், மீதி 8 பிட்டுகளைக் கொண்டு சாதனத்தின் பதிவைக் கண்டுபிடிக்கிறது. பக்க அட்டவணையின் முகவரி அங்கே இருக்கிறது. எந்தச் சாதனம் எந்த முகவரி மாற்றியின் கீழ் வருகிறது என்பதை ஃபர்ம்வேர் தரும் ஏசிபிஐயின் டிஎம்ஏஆர் அட்டவணை சொல்லிவிடுகிறது. கெர்னல் பஸ்ஸை ஆராயும்போதே சாதனத்தின் எண் தெரிந்துவிடுவதால், ஓர் எண்ணை வேறோர் எண்ணாக மாற்றும் தனி வரைபடம் இங்கே தேவைப்படுவதில்லை.

ஆர்ம் சில்லுகளில் இவ்வளவு எளிதாக முடிவதில்லை. பிசிஐ கட்டுப்படுத்தியின் ரிக்வெஸ்டர் ஐடி எஸ்எம்எம்யூவை அடையும் முன் வேறொரு ஸ்ட்ரீம் ஐடியாக மாறலாம். என்எக்ஸ்பியின் லேயர்ஸ்கேப் சில்லுகள் சிலவற்றில், 16 பிட் ரிக்வெஸ்டர் ஐடியைச் சிறிய ஸ்ட்ரீம் ஐடியாக மாற்றும் ஒரு தேடல் அட்டவணை வன்பொருளிலேயே உள்ளது. யு-பூட் என்னும் பூட்லோடர் அதை நிரப்புகிறது. அங்கே நடந்த மாற்றத்தைக் கெர்னலுக்கும் யாராவது தெரிவித்தாக வேண்டும்.

எண்ணைச் சொல்லாத பஸ்: எஃப்எஸ்எல்-எம்சி

லேயர்ஸ்கேப் வரிசையின் எல்எஸ்2088ஏ, எல்எக்ஸ்2160ஏ போன்ற சில்லுகளில் பிணைய வேலைகளை டிபிஏஏ2 என்னும் கட்டமைப்பு நடத்துகிறது. அதன் தலைமை அலுவலர் மேனேஜ்மென்ட் காம்ப்ளெக்ஸ் என்னும் வன்பொருள் வள மேலாளர். அதற்கெனத் தனி ஃபர்ம்வேர் உண்டு. வரிசைகள், இடையகக் குளங்கள், பிணைய இடைமுகங்கள் ஆகியவற்றை இது பொருள்களாக உருவாக்கித் தருகிறது. பிணைய இடைமுகம் டிபிஎன்ஐ, வரிசைகளை இயக்கும் வாசல் டிபிஐஓ, இடையகக் குளம் டிபிபிபி, வெளி இணைப்பு டிபிமேக். இவற்றை அடக்கிவைக்கும் கொள்கலன் டிபிஆர்சி.

லினக்ஸ் கெர்னலில் இந்தக் கொள்கலன்களும் பொருள்களும் எஃப்எஸ்எல்-எம்சி என்னும் பஸ்ஸில் சாதனங்களாகத் தோன்றுகின்றன. ஒரு கொள்கலனிலுள்ள எல்லாப் பொருள்களும் ஒரே தனிமைப்படுத்தும் சூழலைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்தச் சூழலின் 10 பிட் எண்ணே ஐசிஐடி. டிபிஎன்ஐயும் டிபிஐஓவும் வெவ்வேறு சாதனங்களாகத் தெரிந்தாலும், ஒரே கொள்கலனில் இருக்கும்வரை நினைவகத்துக்குப் போகும் அவற்றின் கோரிக்கைகளில் ஒரே எண்தான் இருக்கும்.

இந்தப் பொருள்கள் இயங்கும்போதே உருவாகி மறையக்கூடியவை. அதனால் வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் இவற்றுக்குத் தனித்தனி முனை எழுத முடியாது. அங்கே இருப்பது மேனேஜ்மென்ட் காம்ப்ளெக்ஸுக்கான ஒற்றை முனை மட்டும். சாதாரண சாதனத்துக்குப் போதுமான ‘ஐஓஎம்எம்யூஸ்’ பண்பு ஓரிரு நிலையான எண்களைத்தான் குறிக்கும். ஒரு முனையின் கீழ் எத்தனையோ ஐசிஐடிகள் வரக்கூடிய இடத்தில் அது பற்றாது. ஆகவே வரம்பையே வரையறுக்கும் ‘ஐஓஎம்எம்யூ-மேப்’ பண்பு இங்கே பயன்படுகிறது. பிசிஐக்காக எழுதப்பட்ட அதே முறையை எஃப்எஸ்எல்-எம்சி பஸ்ஸுக்கும் விரிக்கும் திருத்தங்களை என்எக்ஸ்பி பொறியாளர்கள் தந்தார்கள். அவை 2018 டிசம்பரில் வெளியான 4.20 கெர்னலில் இடம்பெற்றன.

வரைபடம் எழுதுதல்

ஐஓஎம்எம்யூ-மேப் என்பது நான்கு நான்கு எண்களாக அடுக்கிய பட்டியல். ஒவ்வொரு வரியிலும் முறையே வருபவை:

1. உள்வரும் எண்ணின் தொடக்கம்
2. முகவரி மாற்றி முனையின் சுட்டு
3. வெளிவரும் எண்ணின் தொடக்கம்
4. எத்தனை எண்கள் என்னும் நீளம்

உள்வரும் எண், தொடக்கத்துக்குச் சமமாகவோ அதற்கு மேலோ இருந்து, தொடக்கத்தோடு நீளத்தைக் கூட்டி வரும் எண்ணுக்குக் குறைவாகவும் இருந்தால் அந்த வரி பொருந்தும். வெளிவரும் எண்ணைக் காண, உள்வரும் எண்ணிலிருந்து உள்தொடக்கத்தைக் கழித்து வெளித்தொடக்கத்தைக் கூட்ட வேண்டும்.

கெர்னல் ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டு வரி 23, எஸ்எம்எம்யூ, 23, 41 என்று அமைந்துள்ளது. தொடக்கம் 23, நீளம் 41. ஆகப் பொருந்தும் எண்கள் 23 முதல் 63 வரை. 64 இதில் சேராது. அந்த வரிக்கு மேலுள்ள குறிப்புரை 23-64 என்று சொல்வதால் அதை மட்டும் படிப்பவர் ஏமாறக்கூடும். நம்ப வேண்டியது நீளத்தை, குறிப்புரையை அல்ல. யு-பூட்டில் இதே சில்லுக் குடும்பத்துக்கான பங்கீடும் இதோடு ஒத்துப்போகிறது: யுஎஸ்பி, சாட்டா போன்ற பழைய வகைச் சாதனங்களுக்குச் சிறிய எண்கள், பிசிஐக்கு அதற்கடுத்த வரிசை, டிபிஏஏ2வுக்கு 23 முதல் 63 வரை.

உள் எண்ணும் வெளி எண்ணும் வேறுபடும் ஒரு கற்பனை வரியையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். வரி 23, எஸ்எம்எம்யூ, 256, 41 என்று இருக்கட்டும்.

- ஐசிஐடி 23 வந்தால் 23 - 23 + 256 = 256
- ஐசிஐடி 30 வந்தால் 30 - 23 + 256 = 263
- ஐசிஐடி 63 வந்தால் 63 - 23 + 256 = 296
- ஐசிஐடி 64 வந்தால் எந்த வரியும் பொருந்தாது

எல்எஸ்2088ஏ குடும்பத்துக்காகக் கெர்னலில் உள்ள டிவைஸ் ட்ரீ மூலக் கோப்பைத் திறப்பவருக்கு இன்னொரு வியப்பு காத்திருக்கிறது. அங்கே நீளம் பூஜ்ஜியமாகவே இருக்கும்; யு-பூட் திருத்திவிடும் என்ற குறிப்பும் பக்கத்தில் இருக்கும். ஐசிஐடி வரிசையை மேனேஜ்மென்ட் காம்ப்ளெக்ஸுக்குப் பங்கிட்டுத் தருவது பூட்லோடர் என்பதால், வரைபடத்தை நிரப்பும் பொறுப்பும் அதனிடமே விடப்பட்டுள்ளது. ஆகவே சரிபார்க்க வேண்டியது மூலக் கோப்பை அல்ல. இயங்கும் இயந்திரத்தில் கெர்னல் உண்மையில் பெற்ற டிவைஸ் ட்ரீயை. அது ப்ராக் கோப்பு மரத்தின் டிவைஸ் ட்ரீ அடைவில் கிடைக்கும். பழைய யு-பூட்டோடு புதிய கெர்னலை ஏற்றினால், வரைபடம் நிரப்பப்படாமலே நின்றுவிட வாய்ப்புண்டு.

முகமூடிகள் இரண்டு

முகமூடி என்ற பெயரில் இரு வேறு பண்புகள் உள்ளன. ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதலாவது ‘ஐஓஎம்எம்யூ-மேப்-மாஸ்க்’. இது வரைபடத்தில் தேடுவதற்கு முன் உள்வரும் எண்ணில் எந்தப் பிட்டுகளை வைத்துக்கொள்வது என்று சொல்கிறது. 1 உள்ள பிட் நிற்கும். 0 உள்ள பிட் நீங்கும். இப்பண்பு இல்லையென்றால் எல்லாப் பிட்டுகளும் நிற்கும். ஒரு பிசிஐ சாதனத்தின் எல்லாச் செயல்பாடுகளுக்கும் ஒரே ஸ்ட்ரீம் ஐடி என்றால், கடைசி 3 பிட்டுகளை இதைக் கொண்டு நீக்கலாம்.

இரண்டாவது ‘ஸ்ட்ரீம்-மேட்ச்-மாஸ்க்’. இது முகவரி மாற்றியின் முனையில் எழுதப்படுவது, பொருள் நேரெதிர். 1 உள்ள பிட்டை ஒப்பிடும்போது பொருட்படுத்தக் கூடாது என்று பொருள். ஆர்மின் எம்எம்யூ-500ஐ 10 பிட் உள்ளீட்டுடன் அமைக்கும்போது, கோரிக்கை முகவரி மாற்றியின் எந்த நுழைவுப் பகுதி (டிபியூ) வழியாக வந்தது என்பதைக் காட்டும் 5 பிட்டுகள் எண்ணின் தலையில் ஒட்டிக்கொள்கின்றன. அதே ஐசிஐடி வேறு டிபியூ வழியே வந்தால் ஸ்ட்ரீம் ஐடியும் வேறாகத் தெரியும். 10 முதல் 14 வரையுள்ள பிட்டுகளை இந்த முகமூடியால் மறைத்துவிட்டால், கீழ் 10 பிட் மட்டும் ஒப்பிடப்படும். ஒரு ஐசிஐடிக்கு ஒரு பொருத்தப் பதிவேடே போதும். இத்தகைய பதிவேடுகள் ஒரு எஸ்எம்எம்யூவில் அதிகம் போனால் 128தான் என்பதால், இது வெறும் வசதிக்கான ஏற்பாடு அல்ல.

கெர்னல் தேடும் முறை

வரைபடத்தைப் படிக்கும் பொதுச் சார்பு ஒன்று கெர்னலின் டிவைஸ் ட்ரீப் பகுதியில் உள்ளது. முதலில் பிசிஐக்கு மட்டும் என எழுதப்பட்டு, பின் எல்லா பஸ்களுக்கும் பொதுவாக்கப்பட்டது. 2020இல் வெளியான 5.9 கெர்னலில் ரிக்வெஸ்டர் ஐடி என்ற சொல்லே அதன் பெயரிலிருந்து நீங்கி, எந்த எண்ணையும் மாற்றும் சார்பு என்னும் பொருளில் புதுப்பெயர் பெற்றது. அது செய்யும் வேலைகள் வரிசையாக:

1. முனையில் வரைபடப் பண்பு இருக்கிறதா என்று பார்க்கிறது.
2. பண்பின் நீளம் நான்கு எண்களின் மடங்காக உள்ளதா என்று சரிபார்க்கிறது. இல்லையென்றால் நீளம் தவறு என்று பதிவெழுதித் திரும்பிவிடுகிறது.
3. முகமூடிப் பண்பு இருந்தால் எண்ணின் மீது அதைப் பொருத்துகிறது.
4. வரிகளை மேலிருந்து கீழாகப் படிக்கிறது. முகமூடி நீக்கும் பிட்டுகள் ஏதேனும் வரியின் தொடக்க எண்ணில் இருந்தால், அந்த வரைபடம் தனக்குத்தானே முரண்படுகிறது என்று பிழை தருகிறது.
5. முதலில் பொருந்தும் வரியில் நின்று, முகவரி மாற்றியின் முனையையும் வெளிவரும் எண்ணையும் திருப்பித் தருகிறது.
6. எந்த வரியும் பொருந்தாவிட்டால், அந்த எண்ணுக்கு மாற்றம் இல்லை என்று பதிவில் குறித்துவிட்டு, எண்ணை அப்படியே விட்டுவிடுகிறது. பிழை எதையும் தருவதில்லை.

ஆறாவது படிதான் பலரைக் குழப்புவது. வரைபடத்துக்கு வெளியே உள்ள சாதனம் முகவரி மாற்றியின் கீழ் இல்லாத சாதனம் என்றே கெர்னல் எடுத்துக்கொள்கிறது. வன்பொருளில் அது உண்மையாகவே முகவரி மாற்றியைக் கடந்துதான் போகிறதென்றால், கோரிக்கை அங்கே மறிக்கப்படும். டிரைவர் பிழையின்றித் தொடங்கியிருக்கும்; முதல் டிஎம்ஏவில்தான் கோளாறு வெளிப்படும். ஆகவே பிழைச்செய்தி இல்லை என்பது வரைபடம் சரி என்பதற்குச் சான்றாகாது.

பொருந்தும் வரி கிடைத்தபின், முகவரி மாற்றியின் டிரைவர் அந்த எண்ணைத் தனக்கேற்ற வடிவில் சாதனத்தின் ஃபர்ம்வேர் குறிப்பில் சேர்த்துக்கொள்கிறது. ஸ்ட்ரீம்-மேட்ச்-மாஸ்க் எண்ணோடு சேருவது இந்தக் கட்டத்தில்தான். முகவரி மாற்றியின் டிரைவர் இன்னும் ஏற்றப்படவில்லையென்றால், சாதனத்தின் தொடக்கம் தள்ளிவைக்கப்பட்டுப் பிறகு மீண்டும் முயலப்படும். தொடக்கத்தில் ஓரிரு முறை இப்படி நடப்பது இயல்பு. அதைக் கோளாறாக எண்ண வேண்டியதில்லை.

பஸ் டிரைவரின் பங்கு

கெர்னலின் சாதன மாதிரியில் ஒவ்வொரு பஸ்ஸும் டிஎம்ஏ அமைக்கும் சார்பு ஒன்றைத் தரலாம். சாதனத்தோடு டிரைவர் இணையும் தருணத்தில், டிரைவரின் தொடக்கச் சார்புக்கு முன்பே கெர்னல் இதை அழைக்கிறது. எஃப்எஸ்எல்-எம்சி பஸ்ஸில் இந்தச் சார்பு ஒரு பக்கத்துக்குள் அடங்கும். ஆனாலும் அதன் ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு.

முதல் படி, எண்ணை எடுப்பது. சாதனத்தின் அமைப்பில் ஐசிஐடி ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருக்கும். சாதனம் பஸ்ஸில் சேரும்போதே அது நிரப்பப்படுகிறது: சேர்வது கொள்கலன் என்றால் மேனேஜ்மென்ட் காம்ப்ளெக்ஸிடம் கேட்டு, மற்றப் பொருள் என்றால் தாய்க் கொள்கலனிடமிருந்து பிரதியெடுத்து.

இரண்டாம் படி, முனையைத் தேடுவது. டிபிஎன்ஐக்கோ உட்கொள்கலனுக்கோ டிவைஸ் ட்ரீ முனை இல்லை. ஆகவே தாயிலிருந்து தாய்க்கு ஏறிச்சென்று, எஃப்எஸ்எல்-எம்சி பஸ்ஸைச் சேராத முதல் மூதாதையை அடைய வேண்டும். அதுதான் மேனேஜ்மென்ட் காம்ப்ளெக்ஸின் பிளாட்ஃபார்ம் சாதனம்; வரைபடம் அதன் முனையில்தான் இருக்கிறது. ஒரு தாயோடு நின்றுவிடும் டிரைவர், கொள்கலனுக்குள் கொள்கலன் வரும்போது தவறும்.

மூன்றாம் படி, ஒப்படைப்பது. சாதனம், மூதாதையின் முனை, ஐசிஐடி மூன்றையும் எண்ணோடு டிஎம்ஏ அமைக்கும் பொதுச் சார்பிடம் தரவேண்டும். இதுவும் 5.9 கெர்னலில் வந்ததே. அதற்கு முன் எஃப்எஸ்எல்-எம்சிக்கென ஐஓஎம்எம்யூ பகுதியில் தனிக் கிளை இருந்தது. எண்ணை அளபுருவாக ஏற்கும் சார்பு வந்தபின் அந்தக் கிளை தேவையற்றுப்போனது. வரைபடத் தேடலைத் தவிர, தற்காலிக நினைவகம் ஒத்திசைவானதா, டிஎம்ஏ முகவரி வரம்பு எவ்வளவு என்பவற்றையும் இதே சார்பு முனையிலிருந்து படித்து அமைக்கிறது.

நான்காம் படி, உரிமையைப் பதிவது. சாதனத்தைக் கெர்னல் டிரைவர் ஆளப்போகிறதென்றால், அதன் ஐஓஎம்எம்யூ குழு (முகவரி மாற்றியால் வேறுபடுத்த முடியாத சாதனங்களின் தொகுதி) கெர்னலின் வழக்கமான முகவரிவெளியைப் பயன்படுத்துகிறது என்று பதிவாக வேண்டும். டிஎம்ஏவைத் தானே நிர்வகிப்பதாக அறிவிக்கும் டிரைவருக்கு, எடுத்துக்காட்டாகச் சாதனத்தை மெய்நிகர் இயந்திரத்துக்குக் கொடுக்கும் விஎஃப்ஐஓவுக்கு, இந்தப் படி தவிர்க்கப்படுகிறது.

இதே வார்ப்பைப் பின்பற்றிய இன்னொரு பஸ் ஏஎம்டியின் சிடிஎக்ஸ். 2023இல் வெளியான 6.4 கெர்னலில் அது சேர்ந்தது. அங்கேயும் பொருள்களை ஃபர்ம்வேர்தான் அறிவிக்கிறது. சாதன அமைப்பில் சேமித்த கோரிக்கை எண்ணைக் கட்டுப்படுத்தியின் முனையோடு சேர்த்து அதே பொதுச் சார்பிடம் தருவதுதான் வேலை. புதிதாக ஒரு பஸ் எழுதுபவர் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால், எது பஸ்ஸுக்கு உரியது, எது பொதுவானது என்பது தெளிவாகும்.

குழு என்னும் எல்லை

ஒரே எண்ணோடு வரும் இரு சாதனங்களை முகவரி மாற்றியால் வேறுபடுத்த முடியாது. ஆகவே அவை ஒரே ஐஓஎம்எம்யூ குழுவில் இருந்தாக வேண்டும். எஃப்எஸ்எல்-எம்சி பஸ்ஸில் குழுவை முடிவுசெய்யும் சார்பு, சாதனத்தின் கொள்கலனைக் கண்டுபிடித்து அதற்கு ஏற்கெனவே குழு இருந்தால் அதையே தருகிறது. இல்லையென்றால் புதிதாக உருவாக்குகிறது.

மெய்நிகர் இயந்திரத்துக்கு ஒரு பிணைய இடைமுகத்தைக் கொடுக்க விரும்புபவர் டிபிஎன்ஐயை மட்டும் தனியே எடுத்துக் கொடுக்க முடியாததற்குக் காரணம் இதுவே. புதிய உட்கொள்கலன் ஒன்றை உருவாக்கி, டிபிஎன்ஐயையும் அதற்கு வேண்டிய டிபிஐஓ, டிபிபிபி பொருள்களையும் அதில் இட்டு, கொள்கலனை முழுதாகக் கொடுக்க வேண்டும். உட்கொள்கலனுக்குத் தனி ஐசிஐடி கிடைப்பதால் தனிக் குழுவும் கிடைக்கும். இதற்கான விஎஃப்ஐஓ டிரைவர் 2020 இறுதியில் வெளியான 5.10 கெர்னலில் வந்தது. கொள்கலன்களின் எண்ணிக்கை வரைபடத்தின் நீளத்தைத் தாண்டக் கூடாது என்பதைத் திட்டமிடும்போதே கணக்கில் கொள்ள வேண்டும்.

இன்டரப்டுக்கும் அதே எண்

டிபிஏஏ2 பொருள்கள் எம்எஸ்ஐ முறையில் இன்டரப்ட் அனுப்புகின்றன. அதாவது குறிப்பிட்ட முகவரியில் ஒரு மதிப்பை எழுதுகின்றன. அந்த எழுத்தோடும் சாதன எண் சேர்ந்து போகிறது. ஆர்மின் ஜிஐசி கட்டுப்படுத்தியிலுள்ள ஐடிஎஸ் பகுதி, அந்த எண்ணையும் எழுதப்பட்ட மதிப்பையும் கொண்டு எந்த இன்டரப்ட், எந்தச் செயலிக்கு என்று முடிவுசெய்கிறது.

அதனால் ‘எம்எஸ்ஐ-மேப்’ என்னும் இன்னொரு வரைபடமும் வேண்டும். அதன் வடிவம் ஐஓஎம்எம்யூ-மேப் போன்றதே. சுட்டு மட்டும் ஐடிஎஸ் முனையைக் காட்டும். படிப்பதும் அதே பொதுச் சார்புதான். இரண்டு வரைபடங்களும் ஒரே ஐசிஐடி வரிசையை முழுமையாக மூடவேண்டும். ஐஓஎம்எம்யூ-மேப் சரியாக இருந்து எம்எஸ்ஐ-மேப் தவறினால், தரவு நினைவகத்துக்கு வந்து சேர்ந்தும் இன்டரப்ட் வராமல் டிரைவர் காத்துக்கொண்டே இருக்கும். அந்த அறிகுறியைக் கண்டால் முதலில் திறக்க வேண்டியது இந்த வரைபடத்தைத்தான்.

ஏசிபிஐ வழி

டிவைஸ் ட்ரீ இல்லாமல் ஏசிபிஐயோடு தொடங்கும் ஆர்ம் இயந்திரங்களில், இதே வேலையை ஐஓஆர்டி என்னும் அட்டவணை செய்கிறது. மேனேஜ்மென்ட் காம்ப்ளெக்ஸ் அதில் பெயரிட்ட ஒரு முனையாக இடம்பெறுகிறது; அதன் கீழ் எண் மாற்ற வரிகள் வருகின்றன. எஃப்எஸ்எல்-எம்சி பஸ்ஸுக்கான ஏசிபிஐ ஆதரவும் 5.9 கெர்னலில் வந்ததே. பஸ்ஸின் டிஎம்ஏ அமைக்கும் சார்பு, மூதாதைக்கு டிவைஸ் ட்ரீ முனை இருந்தால் ஒரு வழியிலும், இல்லையென்றால் ஏசிபிஐ வழியிலும் போகிறது. ஒப்படைக்கும் எண் இரண்டிலும் ஒன்றே.

எண்ணிக்கை எழுதும் முறையில் மட்டும் பெரிய வேறுபாடு உண்டு. டிவைஸ் ட்ரீயில் நீளம் 41 என்றால் 41 எண்கள். ஐஓஆர்டியில் எழுத வேண்டியது எண்ணிக்கையில் ஒன்று குறைத்து. 41 எண்களுக்கு 40. இந்த விதியைத் தவறாகப் புரிந்துகொண்ட ஃபர்ம்வேர்கள் சந்தைக்கு வந்துவிட்டதால், ஹைசிலிகான் தளங்கள் சிலவற்றுக்காகக் கெர்னலிலேயே தனி விலக்கு எழுத வேண்டியதாயிற்று. ஒரே சில்லுக்கு இரு வகை ஃபர்ம்வேரும் தயாரிப்பவர், வரிசையின் முதல் எண், கடைசி எண் இரண்டையும் இரண்டு வழியிலும் சோதித்துப் பார்க்க வேண்டும். நடு எண்ணை மட்டும் சோதித்தால் இந்தப் பிழை அகப்படாது.

மேலாளரின் சொந்த எண்

மேனேஜ்மென்ட் காம்ப்ளெக்ஸ் மற்றவற்றுக்கு எண் வழங்குவதோடு நிற்பதில்லை. அதன் ஃபர்ம்வேரும் நினைவகத்தைப் படிக்கிறது, எழுதுகிறது. முகவரி மாற்றி இயங்கத் தொடங்கி, மேலாளருக்கான அமைப்பு இன்னும் முடியாத இடைவெளியில் அந்தக் கோரிக்கைகள் பிழைகளாக வந்து குவியும். இதைத் தவிர்க்கச் சில பூட்லோடர்கள் கெர்னலைத் தொடங்கும் முன் மேலாளரின் ஃபர்ம்வேரை நிறுத்திவைக்கின்றன. பஸ் டிரைவர் தன் தொடக்கச் சார்பில், முகவரி மாற்ற அமைப்பு முடிந்துவிட்ட நிலையில், கட்டுப்பாட்டுப் பதிவேட்டின் நிறுத்தப் பிட்டுகளை நீக்கி அதை மீண்டும் ஓடவிடுகிறது.

ஏசிபிஐ வழியில் மேலாளரின் ஸ்ட்ரீம் ஐடியை டிரைவர் ஒரு பதிவேட்டிலிருந்து கணக்கிடுகிறது. பதிவேட்டின் கீழ் 16 பிட்டுகளுக்குள் ஐசிஐடி இருக்கிறது. அதற்கு மேலுள்ள குறிப்பிட்ட இரு பிட்டுகளில் ஏதேனும் ஒன்று 1 ஆக இருந்தால், வன்பொருள் ஸ்ட்ரீம் ஐடியின் 14ஆம் பிட்டை 1 ஆக்கிவிடுகிறது. டிரைவரும் அதே கணக்கைப் போட்டு, வரும் எண்ணைக் கொண்டு ஐஓஆர்டியில் தேடுகிறது. பதிவேட்டில் தெரியும் எண்ணும் முகவரி மாற்றியை அடையும் எண்ணும் எப்போதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

கோளாறைத் தேடும் வரிசை

முகவரி மாற்றம் தொடர்பான கோளாறு என்று ஐயம் எழுந்தால், கீழ்க்காணும் வரிசையில் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

1. கெர்னல் பதிவைப் படிக்க வேண்டும். அறியாத ஸ்ட்ரீம் ஐடி மறிக்கப்பட்டது என்னும் செய்தியா, அல்லது சூழல் பிழை என்னும் செய்தியா என்பதைப் பிரித்தறிய வேண்டும். முன்னதில் எண்ணுக்கே பதிவு இல்லை. குற்றம் வரைபடத்தில் இருக்கலாம். பின்னதில் எண் பொருந்திவிட்டது, முகவரிக்குத்தான் பக்கம் இல்லை; குற்றம் பெரும்பாலும் டிரைவரின் டிஎம்ஏ கையாளலில் இருக்கும்.

2. செய்தியிலுள்ள ஸ்ட்ரீம் ஐடியின் கீழ் 10 பிட்டுகளைப் பிரித்தெடுத்து, எதிர்பார்த்த ஐசிஐடியோடு ஒப்பிட வேண்டும். கீழ்ப் பிட்டுகள் ஒத்து மேல் பிட்டுகள் மட்டும் வேறுபட்டால், ஸ்ட்ரீம்-மேட்ச்-மாஸ்க் விடுபட்டிருக்கலாம்.

3. இயங்கும் இயந்திரத்தின் டிவைஸ் ட்ரீயில் ஐஓஎம்எம்யூ-மேப் பண்பின் எண்களைப் படித்து, வரம்பின் கடைசி எண்ணைக் கையால் கணக்கிட வேண்டும். நீளம் பூஜ்ஜியம் என்றால் பூட்லோடரின் திருத்தம் நடக்கவில்லை.

4. சிஸ்எஃப்எஸ்ஸில் ஐஓஎம்எம்யூ குழுக்களின் அடைவைத் திறந்து, ஒவ்வொரு கொள்கலனும் அதன் பொருள்களும் ஒரே குழுவில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். எந்தக் குழுவிலும் இல்லாத சாதனம், வரைபடத்துக்கு வெளியே விழுந்த சாதனம்.

5. தரவு வந்தும் இன்டரப்ட் வரவில்லையென்றால் எம்எஸ்ஐ-மேப்பை அதே முறையில் சரிபார்க்க வேண்டும்.

6. பழைய கெர்னலில் ஓடி, புதியதில் நின்றுவிட்டதென்றால், இடையில் இயல்புநிலை மாறியதா என்று பார்க்க வேண்டும். 2019இல் வெளியான 5.2 முதல், எஸ்எம்எம்யூ டிரைவர் அறியாத எண்களை இயல்பாகவே மறிக்கிறது. அதற்கு முன் வரைபடமே இல்லாத சாதனமும் கேள்வியின்றிக் கடந்துபோயிருக்கும். தொடக்க அளபுரு மூலம் பழைய நிலைக்குத் திரும்ப முடியும். கோளாறு எங்கே என்று உறுதிப்படுத்த அது உதவும். ஆனால் அதையே தீர்வாக விட்டுவைத்தால் முகவரி மாற்றியின் பாதுகாப்பு போய்விடும்.

பிற கட்டமைப்புகளில்

ரிஸ்க்-வி உலகிலும் இதே தேவை எழுந்துள்ளது. ஐஐடி மெட்ராஸின் சக்தி, சி-டாக்கின் வேகா ஆகியவை இந்தக் கட்டளைத் தொகுப்பில் அமைந்த இந்தியச் செயலித் திட்டங்கள். ரிஸ்க்-வி ஐஓஎம்எம்யூ விவரக்குறிப்பு 2023இல் உறுதியானது. லினக்ஸ் டிரைவர் 2025 தொடக்கத்தில் வெளியான 6.13 கெர்னலில் வந்தது. அங்கே சாதன எண் 24 பிட் வரை இருக்கலாம். ஸ்ட்ரீம் பொருத்தப் பதிவேடுகளுக்குப் பதிலாக நினைவகத்தில் ஒன்று முதல் மூன்று அடுக்குகள் கொண்ட சாதன அடைவு அட்டவணை இருக்கிறது. எண்களின் அளவும் அட்டவணையின் வடிவும் மாறினாலும், டிவைஸ் ட்ரீயில் எழுதும் ஐஓஎம்எம்யூ-மேப்பும் அதைப் படிக்கும் பொதுச் சார்பும் மாறுவதில்லை. அதன் மேல் புதிய பஸ் எழுதுபவர் செய்ய வேண்டியவை மூன்றே: சாதனம் பஸ்ஸில் சேரும்போதே எண்ணைப் பெற்றுச் சேமிப்பது, வரைபடம் உள்ள மூதாதையின் முனையை அடைவது, இரண்டையும் பொதுச் சார்பிடம் தருவது.